நாற்பத்தியொரு பேருக்கு ஒரே நம்பர்

ஒரு நேர்மையான பெண்மணியை மோசடிக்காரி என்று சொன்ன பாவம் எனக்கு உண்டு. கோபத்தில் வாய் தவறி வந்த வார்த்தை என்றால்கூட மன்னிக்கலாம். நான் சொன்னது துறைத் தலைவர்கள் எல்லோரும் உட்கார்ந்திருந்த கூட்டத்தில். திரையில் படம் போட்டு, சிவப்பு எழுத்தில், பக்கத்தில் ஒரு கேள்விக்குறிகூட இல்லாமல் சொன்னேன். அன்றைக்கு வாங்கிய கைத்தட்டலை நினைத்தால் இன்றைக்கும் காது சூடாகிறது.

அப்போது எனக்கு இருபத்தொன்பது வயது. கள்ளக்குறிச்சிப் பக்கம் ஒரு பல்கலைக்கழகத்தில் (பேர் வேண்டாம், இன்னும் அங்கேதான் சம்பளம்) கணினிப் பிரிவில் வேலை. பெங்களூரில் ஐந்து நாள் பயிற்சிக்கு அனுப்பினார்கள். போகும்போது சாதாரண மனுஷனாகத்தான் போனேன். திரும்பும்போது கழுத்தில் ஒரு பட்டை, அதில் தொங்கும் அட்டை, வாயைத் திறந்தால் 'ஒருங்கிணைந்த' என்ற வார்த்தை. சட்னியும் சாம்பாரும் தனித்தனியாகச் செய்வதைவிட ஒருங்கிணைந்த முறையில் ஏதாவது யோசிக்கலாமே என்று என் மனைவி கவிதாவிடம் சொன்னேன். அன்றைக்கு இட்லிக்குத் தொட்டுக்கொள்ள ஒன்றுமே இல்லை.

விஷயம் இதுதான். எங்கள் பல்கலைக்கழகத்தில் நூலகத்துக்கு ஒரு பாஸ்வேர்ட், ஹாஸ்டலுக்கு ஒன்று, வைஃபைக்கு ஒன்று, தேர்வுப் பிரிவுக்கு ஒன்று. எதுவும் யாருக்கும் ஞாபகம் இருக்காது. மேஜைக் கண்ணாடிக்கு அடியிலும் சாமி படத்துக்குப் பின்னாலும் எழுதி வைத்திருப்பார்கள். இயற்பியல் பேராசிரியர் ஒருவர் தன் பாஸ்வேர்டைக் கரும்பலகையின் மூலையில் எழுதி, சுற்றிக் கட்டம் போட்டு, 'அழிக்காதே' என்றும் எழுதி வைத்திருந்தார். இந்தக் கூத்தை எல்லாம் ஒழித்து, பேராசிரியர் முதல் தொலைதூரக் கல்வி மாணவர் வரை எல்லாருடைய பேரையும் ஒரே இடத்தில் ஒரே பட்டியலாகக் கொண்டுவர வேண்டும். அதற்கு எங்கள் பாஷையில் டைரக்டரி என்று பேர். ஒரு ஆளுக்கு ஒரு பேர், ஒரு பாஸ்வேர்ட், எல்லாக் கதவும் அதிலேயே திறக்கும். பழைய கதவுகளை மூடிவிட்டுப் புதுசுக்கு எல்லோரையும் கொண்டுபோகும் பொறுப்பு என்னுடையது.

தொண்ணூற்றாறு பக்கத்துக்குத் திட்டம் எழுதினேன். அதில் அம்புக்குறிகள் மட்டும் இருநூறுக்குக் குறையாது. கரண்ட் போனால் என்ன செய்வது, இயந்திரம் சூடானால் என்ன செய்வது, இடி விழுந்தால் என்ன செய்வது, எல்லாவற்றுக்கும் தனித்தனி அத்தியாயம். மாணவர்களைப் பற்றி ஒரே ஒரு வரி இருந்தது: 'பயனர்கள் ஒத்துழைப்பார்கள்.'

எந்த வாரத்தில் மாற்றுவது என்று யோசித்து, தேர்வுக்கு முந்திய படிப்பு விடுமுறையைத் தேர்ந்தெடுத்தேன். எல்லோரும் ஊருக்குப் போயிருப்பார்கள், தொந்தரவு இருக்காது. அதே வாரம்தான் மாணவர்கள் இணையத்தில் உள்ளே போய், எந்தெந்தத் தேர்வு எழுதப்போகிறோம் என்று உறுதி செய்ய வேண்டும். வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணி கடைசி. உறுதி செய்யாதவருக்கு ஹால் டிக்கெட் கிடையாது, அந்தப் பருவமே போச்சு. கேள்வித்தாள் அச்சுக்குப் போவதால் ஒரு நிமிஷம்கூட நீட்டிக்க மாட்டார்கள். போன பருவத்தில் ஒரு துறைத் தலைவரின் மகளுக்கே நீட்டிக்கவில்லை. இது எனக்குத் தெரியும். தெரிந்தும், ஊரில் இருந்தபடியே போனில் செய்துகொள்வார்கள் என்று நினைத்தேன்.

புது ஏற்பாட்டில் ஒவ்வொருவரும் முதல் தடவை உள்ளே போகும்போது அவர் போனுக்கு ஓடிபி வரும். அதைப் போட்டால்தான் புதுப் பாஸ்வேர்ட் வைக்க முடியும். ஆகவே ஒரு நம்பருக்கு ஒரு ஆள் என்று விதி வைத்தேன். பழைய பட்டியல்களைச் சலித்துப் பார்த்தபோது அண்ணன் தங்கை இரண்டு பேருக்கு அப்பா நம்பர் என்று சில இருந்தன. அதெல்லாம் சில்லறை. ஒரு நம்பர் மட்டும் நாற்பத்தியொரு மாணவர்களுக்கு இருந்தது.

உடம்பெல்லாம் புல்லரித்தது. பேர் காட்டும் செயலியில் அந்த நம்பரைப் போட்டுப் பார்த்தேன். 'மல்லிகா ஜெராக்ஸ், வெள்ளிமலை' என்று வந்தது. கல்வராயன் மலையில் உட்கார்ந்துகொண்டு ஒரு கும்பல் நாற்பத்தியொரு போலி மாணவர்களை உருவாக்கியிருக்கிறது என்று எனக்கு அந்த நிமிஷமே விளங்கிவிட்டது. (இவ்வளவு சீக்கிரம் ஒரு விஷயம் விளங்கினால் அது தப்பு என்று இப்போது தெரிகிறது.) நாற்பத்தியொரு கணக்குகளையும் பூட்டினேன்.

வியாழக்கிழமைக் கூட்டத்தில் படம் போட்டதும் பதிவாளர் ஐயா நிமிர்ந்து உட்கார்ந்தார். எல்லோரும் கைதட்டினார்கள். என்னோடு வேலை பார்த்த உஷா மட்டும் கையைத் தூக்கினாள். கள்ளக்குறிச்சிப் பெண், வார்த்தையை அளந்து பேசுவாள்.

"சார், அந்த நம்பருக்கு ஒரு தடவ போன் பண்ணி இன்னான்னு கேட்டுடலாமே?"

"மோசடி பண்றவங்களுக்கு நாமே தகவல் சொல்லிடச் சொல்றியா?" என்றேன். அதற்கும் இரண்டு பேர் சிரித்தார்கள். உஷா நோட்டை மூடினாள்.

போலீசுக்குப் போகலாம் என்றேன். "மொதல்ல நீங்க போயிப் பாத்துட்டு வாங்க. போலீசெல்லாம் அப்புறம்" என்று பதிவாளர் ஐயா ஜீப்பைக் கொடுத்தார்.

வெள்ளிக்கிழமை காலை கிளம்பினோம். ஓட்டுநர் முருகேசன் அண்ணன். எனக்குச் சொந்த ஊர் சங்கராபுரம். வீட்டு மாடியில் நின்றால் அந்த மலை தெரியும். இருபத்தொன்பது வருஷத்தில் ஒரு தடவைகூட ஏறினதில்லை. கச்சிராயபாளையம் தாண்டி, கோமுகி அணை தாண்டி, மலைப்பாதை ஆரம்பித்ததும் முதலில் என் போனில் சிக்னல் போயிற்று. அப்புறம் காலையில் சாப்பிட்டது போயிற்று. ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டியபடிதான் நான் கல்வராயன் மலையின் அழகைப் பார்த்தேன். அழகுதான். பெரும்பாலும் தார்ரோடு தெரிந்தது.

வெள்ளிமலையில் இறங்கியபோது பதினொன்றரை. கடையைக் கண்டுபிடிக்க ஒரு நிமிஷம் ஆகவில்லை. பத்துக்குப் பத்து அறையில் ஒரு ஜெராக்ஸ் மெஷின், ஒரு பழைய கம்ப்யூட்டர், வாசலில் சாதிச் சான்றிதழுக்குக் காத்திருக்கும் நாலைந்து பேர். உள்ளே என் வயதுப் பெண் ஒருத்தி. என் முகத்தைப் பார்த்ததும் எழுந்து வந்தாள்.

"மொத தடவ ஏறுறீங்களா சார்? உக்காருங்க. இந்த எலுமிச்சம்பழத்த மோந்து பாருங்க."

கும்பலின் தலைவியைக் கையும் களவுமாகப் பிடிக்கப் போனவன், அவள் போட்ட ஸ்டூலில் உட்கார்ந்து, அவள் கொடுத்த எலுமிச்சம்பழத்தை மோந்து, அவள் சொம்பிலிருந்து தண்ணீர் குடித்தேன். தெம்பு வந்ததும் கழுத்தில் தொங்கிய அட்டையைத் தூக்கிக் காட்டினேன்.

"நீங்கதானே மல்லிகா? உங்க நம்பர்ல நாப்பத்தியொரு மாணவர்கள் இருக்காங்க. எல்லாம் போலி, மோசடின்னு கண்டுபிடிச்சிருக்கோம்."

அவள் பயப்படவில்லை. என் கையிலிருந்த பட்டியலை வாங்கிப் பார்த்தாள்.

"ஐய, நீங்க ஆபீஸ்லேர்ந்தா வந்துருக்கீங்க? நல்லதாப் போச்சு. நாலு நாளா உங்களுக்குத்தான் போன் அடிச்சிகினு இருக்கேன். எடுக்கவே மாட்றீங்க."

(அந்த வாரம் தொந்தரவு வேண்டாம் என்று அலுவலகப் போனின் வயரைப் பிடுங்கி வைத்திருந்தேன். பதிலாக இணையத்தில் ஒரு புகார்ப் படிவம் இருந்தது. உள்ளே போக முடியவில்லை என்று புகார் செய்ய வேண்டுமானால், உள்ளே போய்த்தான் செய்ய வேண்டும்.)

அவள் விரலைப் பட்டியலில் வைத்துப் படித்துக்கொண்டே போனாள்.

"இது கொட்டப்புத்தூரு அண்ணாமலை மவன். அப்பா மொளவு பறிக்கக் கேரளா போயிருக்காரு. இது இன்னாடு செல்வி. இதுக்கு ஜாதி சர்டிபிகேட் ஆறு தடவ திருப்பி அனுப்பனாங்க, ஏழாவது தடவ வாங்கிட்டோம். இது சேராப்பட்டு, இது அதுக்கு அக்கா. இவன் மூணாவது வருசம், கணக்குல கெட்டிக்காரன். இதுல எது சார் போலி?"

நாற்பது பேரையும் சொன்னாள். யாருக்கு எந்த ஊர், யார் வீட்டில் முதல் பட்டதாரி, யார் எந்தப் பாடத்தில் பாக்கி வைத்திருக்கிறார்கள், ஒன்றும் விடவில்லை. என் இயந்திரம் இரண்டு மாதம் சலித்தும் அந்தப் பேர்களைப் பற்றி அவளுக்குத் தெரிந்ததில் கால்வாசி தெரிந்துகொள்ளவில்லை.

"அப்புறம் ஏன் எல்லாத்துக்கும் உங்க நம்பரு?" என்றேன். என் குரல் பாதியாகிவிட்டிருந்தது.

"ஃபாரம் ரொப்பறது நான்தான சார். அவங்க வூட்டுல போன் இருக்கும், டவர் இருக்காது. ஓடிபி வந்தா பாறை மேல ஏறி நின்னுதான் பாக்கணும். ஏறுறதுக்குள்ள அது செத்துப் பூடும். அதான் இதுக்குன்னே ஒரு போன் வெச்சிருக்கேன்." மேஜை அறையைத் திறந்து ஒரு பட்டன் போனைக் காட்டினாள். அதன் முதுகில் 'புள்ளைங்க' என்று ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. "அது இருக்கட்டும் சார். ஒருத்தருக்கும் உள்ள போவ மாட்டேங்குது. இன்னிக்கு அஞ்சு மணிக்கு முடியுது."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நாற்பத்தியொரு பேருடைய ஒரு பருவத்தை என் விரலால் பூட்டியிருந்தேன். அவர்களில் பாதிப் பேர் மரவள்ளிக் கிழங்கு பிடுங்கும் கொல்லையில் இருந்தார்கள். திரையில் சிவப்பு எழுத்தில் மின்னியவர்கள் அவர்கள்தான்.

மடிக்கணினியைத் திறந்து அவள் வைஃபையில் இணைத்தேன். முதல் வேலையாக ஒரு நம்பருக்கு ஒரு ஆள் என்ற விதியை அணைத்தேன். அப்புறம் தொண்டையைச் செருமிக்கொண்டு, ஐந்து நாள் பெங்களூர்ப் பயிற்சி பெற்ற பாதுகாப்பு நிபுணன் சொல்லக் கூடாததைச் சொன்னேன்.

"நேரம் இல்லீங்க. நான் ஒவ்வொண்ணாத் திறந்து விடறேன். ஓடிபி உங்க போனுக்குத்தானே வருது, நீங்களே எல்லாருக்கும் ஒரு பாஸ்வேர்ட் போட்டு உறுதி பண்ணிடுங்க."

மல்லிகா என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"அது முடியாது சார். நான் ஃபாரம் ரொப்புவேன், அவ்ளோதான். பாஸ்வேர்டு அவங்கவங்கதான் போடணும். எந்தப் பேப்பரு எழுதப் போறோம்னு அவங்கதான் பாத்து அமுக்கணும். நானே போட்டா அதுதான் சார் மோசடி."

வேறு யாராவது சொல்லியிருந்தால் வாதாடியிருப்பேன். அந்த வார்த்தையை அவளிடம் கொடுத்தது நான்தான்.

"இருக்கற இடத்துலேர்ந்து எப்படிங்க வருவாங்க? போன்தான் போகாதே."

"வருவாங்க" என்றாள். அடுத்த அரை மணி நேரம் நான் பார்த்ததை எந்தப் பயிற்சியிலும் யாரும் சொல்லித்தரவில்லை. பன்னிரண்டு மணி பஸ் ஓட்டுநருக்குப் போன் போட்டு, எந்த நிறுத்தத்தில் யார் பேரைச் சொல்ல வேண்டும் என்று சொன்னாள். கரியாலூர் ரேஷன் கடைக்காரருக்குப் போட்டாள், அன்றைக்கு அங்கே அரிசி போடுகிற நாள், மூன்று ஊர்க்காரர்கள் வரிசையில் நிற்பார்கள். கிழங்கு லாரிக்காரர் ஒருவரிடம் எந்தக் கொல்லையில் எந்தப் பெண் இருப்பாள் என்று அடையாளம் சொன்னாள். ஒரு பள்ளிக்கூட டீச்சரிடம், சத்துணவு வாங்க வரும் பிள்ளைகளிடம் அவர்கள் அக்கா அண்ணன்களுக்குச் சொல்லி அனுப்பும்படி கேட்டுக்கொண்டாள். எந்தத் தாளையும் பார்க்கவில்லை. எந்தக் குடும்பத்துக்கு எந்த வழியில் செய்தி போகும் என்பது முழுக்க அவள் தலைக்குள் இருந்தது. நான் தொண்ணூற்றாறு பக்கத்தில் கட்டப் பார்த்த பட்டியலை இந்தப் பெண் ஏற்கெனவே கட்டி, ஓட்டிக்கொண்டும் இருந்தாள். அவளுடையது வேலை செய்தது.

போனை வைத்துவிட்டு வெளியே எட்டிப் பார்த்தாள். "சார் இங்கதான இருக்கப் போறீங்க. ஜீப்பு சும்மாதான நிக்குது? அண்ணே, தொரடிப்பட்டு வரைக்கும் ஒரு நடை போயி அஞ்சு பேரக் கூட்டியாந்துடுங்க." முருகேசன் அண்ணன் என் முகத்தைக்கூடப் பார்க்காமல் வண்டியை எடுத்தார்.

ஒன்றேகால் மணிக்கு முதல் ஆள் வந்தான். கையெல்லாம் மண். கொல்லையிலிருந்து அப்படியே வந்திருந்தான். பிறகு பஸ்ஸில் ஏழு பேர் இறங்கினார்கள். பைக்கில் மூன்று மூன்று பேராக வந்தார்கள். இன்னாடு செல்வி இடுப்பில் கைக்குழந்தையோடு வந்து, குழந்தையை, ஐந்து பேரோடு திரும்பியிருந்த முருகேசன் அண்ணனிடம் கொடுத்துவிட்டுக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள்.

நான் ஒரு பேரைத் திறந்துவிடுவேன். பட்டன் போன் ஒரு தடவை கத்தும். மல்லிகா அதை அந்த மாணவரிடம் மட்டும் காட்டுவாள். நான் எட்டிப் பார்த்தால் போனை மார்போடு சேர்த்துக்கொள்வாள். பாஸ்வேர்ட் அடிக்கும் நேரம் வந்ததும் திரும்பி ஜெராக்ஸ் மெஷினைப் பார்த்து நின்றுகொள்வாள். நாற்பது தடவையும் அப்படியே நின்றாள்.

"பொறந்த தேதி மட்டும் வெக்காத" என்று ஒவ்வொருவரிடமும் சொன்னாள். ஏன் என்று கேட்டேன்.

"இங்க பாதிப் பேருக்கு வாத்தியாரு வெச்ச பொறந்த நாளுதான் சார். எல்லாம் மே மாசம், ஜூன் மாசம். நாலு தடவ போட்டுப் பாத்தா எவன் வேணா தொறந்துடுவான்."

கடவுச்சொல் பாதுகாப்பு பற்றி என் திட்டத்தில் பதினோரு பக்கம் இருந்தது. இந்த ஒரு விஷயம் அதில் இல்லை.

நாலே முக்காலுக்கு நாற்பதாவது ஆள் உறுதி செய்துவிட்டு எழுந்தான். எனக்குக் கண் கலங்கிவிட்டது. சொன்னால் வெட்கம், நிஜமாகவே கலங்கிவிட்டது. மடிக்கணினியை மூடப்போனேன்.

"மூடாதீங்க சார். இன்னும் ஒண்ணு இருக்கு."

"யாரு? எங்க இருந்து வரணும்?"

"எங்கயிருந்தும் வர வேணாம்" என்றாள் மல்லிகா. முதல் முறையாக அவள் குரல் தயங்கியது. "நான்தான். தொலைதூரக் கல்வில பி.காம், கடைசி வருசம்."

பட்டியலில் மூன்று மல்லிகா இருந்தார்கள். அதில் ஒருத்தி எனக்கு எதிரே காலையிலிருந்து நின்றுகொண்டிருக்கிறாள் என்று என் துப்பறியும் மூளைக்குத் தோன்றவே இல்லை.

"மொதல்லயே சொல்லியிருக்கலாமே?"

"கடைய நான் வெச்சிகினு, எனக்கு மொதல்ல பண்ணிகினா நல்லாவா இருக்கும் சார்? பன்னெண்டாவதோட நின்னுட்டேன். கல்யாணம், ரெண்டு புள்ளைங்க. ஃபாரம் ரொப்பி ரொப்பி ஊருக்கெல்லாம் டிகிரி வருது, நமக்கு மட்டும் வரலியேன்னு போட்டேன். இது போச்சுன்னா அடுத்த பருவத்துக்கு மறுபடியும் உக்காரணும். வூட்ல வுட மாட்டாங்க."

வேகமாக அவள் பேரை அழுத்தினேன். திரை முழுக்கச் சிவப்பாயிற்று.

நான் ஒரு விதி எழுதியிருந்தேன். பூட்டிய கணக்குகளை ஒரே நாளில் நாற்பதுக்கு மேல் யாராவது திறந்தால், அந்த ஆள் மோசடிக்காரன். சிஸ்டம் அவனையே பூட்டிவிடும். அந்த விதிக்காகப் பெங்களூர்ப் பயிற்சியாளர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுப் பாராட்டியிருந்தார். நான் உண்டாக்கிய சிஸ்டம் கொஞ்சமும் தயவு பார்க்காமல் என்னை வெளியே தள்ளிக் கதவைச் சாத்தியது. நீ நிஜமாகவே நீதான் என்றால் உன் போனுக்கு வந்திருக்கும் நம்பரைப் போடு என்றது. என் போன் கோமுகி அணையிலிருந்தே செத்துக் கிடந்தது.

வெளியே ஓடினேன். போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ரோட்டில் முன்னும் பின்னும் ஓடினேன். ஒரு மதில் மேல் ஏறினேன். நாற்பது மாணவர்களும் கடை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். "உங்க போன் கம்பெனிக்கு இங்க டவரே இல்ல சார்" என்று கணக்கில் கெட்டிக்காரன் மரியாதையாகச் சொன்னான்.

மல்லிகாவின் பட்டன் போனை வாங்கி உஷாவின் கைப்பேசிக்குப் போட்டேன்.

"உஷா, நான்தான். என் கணக்கு பூட்டிகிச்சு. டைரக்டரில என் நம்பரை எடுத்துட்டு இப்ப நான் பேசற நம்பரைப் போடு. சீக்கிரம்."

தாள் புரளும் சத்தம் கேட்டது.

"சார், பிளான்ல முப்பத்தாறாம் பக்கத்துல இருக்கு. போன்ல யாரு கேட்டாலும் நம்பரு மாத்தக் கூடாது."

"நான்தான்மா பேசறேன்."

"மோசடி பண்றவங்க எல்லாம் அப்டித்தான் ஆரம்பிப்பாங்கன்னு நீங்கதான சொல்லிக் குடுத்தீங்க. அதுவும் இது அந்த ஜெராக்ஸ் கடை நம்பரு. ஸ்கிரீன்ல போட்டுக் காட்டுனீங்களே."

சுவரில் மணி நாலு ஐம்பத்து மூன்று.

"சரி, நான்தானான்னு தெரிஞ்சுக்க ஏதாவது கேளு."

"நேத்து மீட்டிங்ல நான் இன்னா சொன்னேன்?"

"அந்த நம்பருக்கு ஒரு தடவ போன் பண்ணிக் கேக்கலாம்னு சொன்னே."

"நீங்க இன்னா பண்ணீங்க?"

"கேக்கல. உன்னக் கிண்டல் பண்ணேன்."

"தப்பு யாரு மேல?"

நாற்பது மாணவர்கள், முருகேசன் அண்ணன், சாதிச் சான்றிதழுக்குக் காத்திருந்தவர்கள் எல்லோரும் என் வாயையே பார்த்தார்கள். "என் மேலதான்" என்றேன்.

"மாத்திட்டேன் சார்" என்றாள் உஷா. "இந்த நம்பரு ஏற்கெனவே நாப்பத்தியொரு பேருக்கு இருக்கு, மோசடியா இருக்கலாம்னு செவப்புல வருது. பரவாயில்லன்னு அமுக்கிட்டேன்."

பட்டன் போன் கத்தியது. மல்லிகா அதை எனக்கு மட்டும் காட்டிவிட்டு, ஜெராக்ஸ் மெஷினைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். அவசரத்தில் முதல் தடவை தப்பாக அடித்தேன். இரண்டாவது தடவை கதவு திறந்தது. அவள் கணக்கைத் திறந்துவிட்டேன். அவள் உட்கார்ந்து, ஓடிபி போட்டு, பாஸ்வேர்ட் அடிக்க ஆரம்பித்தாள். என்னை அறியாமல் நானும் எழுந்து சுவர்ப் பக்கம் திரும்பி நின்றேன். நாலு ஐம்பத்தெட்டுக்கு உறுதி செய்தாள். மாணவர்கள் போட்ட சத்தத்தில் முருகேசன் அண்ணன் கையில் தூங்கிய குழந்தை அழ ஆரம்பித்தது.

திங்கட்கிழமை அதே அறையில் கூட்டத்தைக் கூட்டும்படி நானே கேட்டேன். மோசடி எதுவும் இல்லை, தப்பு முழுக்க என்னுடையது, மல்லிகா இல்லாவிட்டால் நாற்பத்தியொரு பேர் தேர்வு எழுதியிருக்க முடியாது என்று சொன்னேன். இந்தத் தடவை கைத்தட்டல் இல்லை. பதிவாளர் ஐயா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "அந்தம்மா பண்றத உங்க டைரக்டரி பண்ணுமா?" என்று மட்டும் கேட்டார். பண்ணாது என்றேன். அன்றைக்கே புது டைரக்டரியில் ஒவ்வொரு மாணவர் பேருக்குப் பக்கத்திலும் ஒரு கட்டம் சேர்த்தோம்: 'இவருக்கு யார் மூலம் செய்தி சொன்னால் போய்ச் சேரும்?' எங்களிடம் இருப்பதிலேயே உருப்படியான கட்டம் அதுதான். கல்வராயன் மலைப் பேர்களில் முக்கால்வாசிக்கு அந்தக் கட்டத்தில் ஒரே பதில்தான்.

மல்லிகா எல்லாத் தாளிலும் தேறினாள். பட்டம் வாங்க அவள் கீழே வந்த நாளில் நானும் உஷாவும் வாசலிலேயே போய் நின்றோம். நான் வேலையில் பெரிய ஆட்கள் பலரைப் பார்த்திருக்கிறேன். அவ்வளவு சுத்தமாக வேலை செய்த ஆளை இன்னும் பார்க்கவில்லை.

டைரக்டரியில் என் பேருக்கு நேராக இன்றைக்கும் அந்தப் பட்டன் போன் நம்பர்தான் இருக்கிறது. மாற்ற ஒரு நிமிஷம் போதும். மாற்ற மனசு வரவில்லை. விளைவு, மூன்று மாதத்துக்கு ஒரு தடவை எல்லோரும் பாஸ்வேர்ட் மாற்ற வேண்டும் என்று நான் வைத்த விதிப்படி என் ஓடிபி வெள்ளிமலைக்குப் போகிறது. வீட்டில் சிலிண்டர்காரர் வந்து நம்பர் கேட்டால்கூட, "அப்பாவோடது மலைல இருக்கும்" என்று என் மகள் சொல்கிறாள். எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் கவிதா இந்தக் கதையைச் சொந்தக்காரர்களிடம் சொல்லி, மதில் மேல் நான் நின்ற இடம் வந்ததும் எழுந்து நின்று நடித்தும் காட்டிவிடுகிறாள்.

போன வாரம் பாஸ்வேர்ட் மாற்ற வேண்டியிருந்தது. மல்லிகாவுக்குப் போன் போட்டு, இப்ப ஒரு நம்பர் வந்திருக்குமே, கொஞ்சம் சொல்லுங்களேன் என்றேன்.

"வந்துருக்கு சார். ஆனா போன்ல யாரு கேட்டாலும் சொல்லாதீங்கன்னு எல்லா பிரவுசிங் சென்டருக்கும் நீங்கதான நோட்டீசு அனுப்பனீங்க? செவுத்துல ஒட்டி வெச்சிருக்கேன். நேர்ல வாங்க. அஞ்சு மணி வரைக்கும் கடையிலதான் இருப்பேன்."